பஞ்சுக் குவளையா, மண் நிரப்பிய பாட்டிலா?

மூன்றாம் வகுப்பில் விதை முளைத்தலைக் கற்பிக்க, கண்ணாடிக் குவளையில் ஈரப்பஞ்சை வைத்துப் பச்சைப்பயறு போடுவதே பெரும்பாலோர் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக, மேற்பகுதியை வெட்டிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மண் நிரப்பி, சுவரை ஒட்டி மொச்சையை ஊன்றச் சொல்கிறேன். இனிப் பஞ்சுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

செலவு இரண்டிலும் சொற்பமே. வேகத்தில் பஞ்சு முந்துகிறது. இரவு முழுதும் ஊறிய பயறு மறுநாளே முளைவேரை நீட்டிவிடும். மொச்சை மண்ணுக்கு மேலே தலைகாட்ட ஒரு வாரம்கூட ஆகலாம், அதுவரை "எப்ப டீச்சர் வரும்?" என்ற கேள்வி ஓயாது.

என் முடிவை மாற்றியது சனி, ஞாயிறு விடுமுறைதான். வெள்ளிக்கிழமை மாலை அளவாக நனைத்த பஞ்சு, திங்கட்கிழமை காலைக்குள் காய்ந்து, வேர்நுனிகள் கருகிவிடும். அதற்கு அஞ்சிக் கூடுதலாக ஊற்றினாலோ, காற்றோட்டமின்றி விதைகள் அழுகி வகுப்பறை முழுவதும் புளித்த வாடை வீசும். ஒருமுறை 32 குவளைகளில் ஐந்துதான் பிழைத்தன. தன் குவளையை முகர்ந்து பார்த்த சிறுவன், "செத்துப்போச்சு டீச்சர்" என்று அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் நான்கு துளைகள் இட்ட பாட்டிலில் நிரப்பினால், வெள்ளிக்கிழமை ஊற்றும் நீரின் ஈரம் திங்கள் வரை தாங்குகிறது. மிகையான நீர் தானே வடிந்துவிடுகிறது.

மண்ணில் வேர் தெரியாதே என்பார்கள். தேங்காய்ச் சிரட்டையில் ஊன்றியபோது எனக்கும் அதுதான் தொல்லை. பிள்ளைகள் தினமும் குச்சியால் கிளறிப் பார்த்தே பாதி விதைகளைக் கொன்றார்கள். வேரில் வெளிச்சம் படாதபடி பாட்டிலைச் சுற்றிச் செய்தித்தாளைப் பல மடிப்பாகக் கட்டிவிட்டு, பார்க்கும் நேரத்தில் மட்டும் அவிழ்த்தால், வேர் இறங்குவதும், கொக்கிபோல் வளைந்த தண்டு விதையின் இரு பாதிகளான வித்திலைகளையும் இழுத்துக்கொண்டு மேலேறுவதும் தெளிவாகத் தெரியும். வேர்நுனி நிற்கும் இடத்தை அன்றாடம் பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் குறித்துவைக்கலாம்.

பஞ்சுக்கு ஒரு சிறப்பை மறுக்க முடியாது. ஒரு குவளையைச் சன்னலோரமும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்தால், நான்கைந்து நாளிலேயே ஒளியின் பங்கு விளங்கிவிடும். இருட்டில் வளர்ந்தது முளைப்பாரிபோல் வெளிறி நெடுநெடுவென்று நிற்கும்.

எதில் ஊன்றினாலும், விதையை மளிகைக் கடையிலேயே முழுதாக வாங்குங்கள். சாகுபடிக்கென விற்கும் விதைகளில் மருந்து பூசப்பட்டிருக்கலாம். காய்ந்த மொச்சையைப் பச்சையாகத் தின்பதும் ஆகாது, எனவே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன். ஆமணக்கும் குன்றிமணியும் நச்சு விதைகள் என்பதால் வகுப்பறைக்குள் வரவே கூடாது. நான் பாட்டிலைப் பயன்படுத்தியது மூன்றாம் வகுப்பில் மட்டுமே. கண்ட எதையும் வாயில் போடும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மொச்சையைக் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.