கல்லுக்கு அந்தப் பக்கம் மணல்

புதுச்சேரி பீச் ரோடு. மணலுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். அந்த மணலில் போய் நிற்பதற்கான வழிக்கு ஐந்தில் ஒன்றரை. சராசரி போட்டுப் பார்க்காதீர்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு.

நான் வார இறுதிக்கு வந்துபோகிறவள் இல்லை. பிறந்தது வம்பாகீரப்பாளையம், இப்போது இருப்பது முத்தியால்பேட்டை, பிழைப்பு ஒரு ஜெராக்ஸ் கடை. பலகையில் கூபேர் அவென்யூ என்று இருக்கும், எங்கள் வாயில் அது வந்ததே இல்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பெரிய மார்க்கெட்டில் நாற்பது வருடம் மீன் விற்றவள். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது, அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். நடைபாதையில் நாற்காலியை நிறுத்தி, "பாரும்மா, கடல்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பாக்கறதுக்கு அது என்ன சினிமாவா? கால நனைக்கணும்டி."

ஆகவே இது ஒரு செல்ஃபி இடத்தைப் பற்றிய மதிப்பீடு இல்லை. கால் நனைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சின்ன வயதில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. காந்தி சிலைக்கு முன்னால் மணல் இருந்தது. ஓடி, விழுந்து, பாவாடையில் மணலை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து அடி வாங்கியிருக்கிறேன். பிறகு கண் முன்னாலேயே அது கரைந்தது. என் அக்கா மகன் வளர்ந்தபோது கருங்கல் மட்டும்தான் மிச்சம். அவன் தலைமுறைக்கு இது பிறந்ததிலிருந்தே 'ராக் பீச்'. லாரியில் வந்து இறங்கிய கல்லை இயற்கைப் பாறை என்று நினைத்து அதன் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது சொல்லலாமா வேண்டாமா என்று இருக்கும். சொல்வதில்லை. படம் நன்றாகத்தான் வருகிறது.

கல்லைத் திட்டவும் எனக்கு மனசு வராது. 2004 டிசம்பரில் சுனாமி வந்த அன்று டவுனைக் காப்பாற்றியது இந்தக் கல் சுவர்தான். சுவர் இல்லாத குப்பங்களில் நடந்ததை எங்கள் சொந்தத்தில் இன்னும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மணல் ஏன் போனது என்பதை அம்மா ஒரே வரியில் சொல்வாள்: "மணல் நடக்கும்டி. நடக்கற வழியில குறுக்க படுத்தா அது என்ன பண்ணும்?" வருடத்தில் முக்கால்வாசி மாதம் எங்கள் கடலில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். வன்னி வெள்ளம் என்போம். அது மணலையும் கூடவே இழுத்துப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெண்டி, அதாவது வடக்கிலிருந்து தெற்கே, கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் வரவைவிடப் போக்குதான் அதிகம், அதைத் தெற்கிலிருந்து வருகிற புது மணல் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. 1986-க்கும் 1989-க்கும் இடையில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி இரண்டு கை நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அந்தக் கையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. நின்ற மணலை எடுத்து வடக்கே தள்ளிவிடவும் அப்போதே ஏற்பாடு யோசித்திருந்தார்கள். அது ஒழுங்காக நடக்கவில்லை. துறைமுகத்துக்குத் தெற்கே கரை அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே நாங்கள் தேய்ந்தோம்.

தேய்ந்த இடத்தில் கல். கல்லில் மோதுகிற அலை திரும்பும்போது அடியில் இருக்கிற மணலையும் சுரண்டிக்கொண்டு போகும், அதனால் கல் போட்ட இடத்தில் மணல் நிற்காது. அடுத்த குப்பத்துக்கு வழக்கமாகப் போகிற மணலும் குறையும். அங்கேயும் கல், அங்கேயும் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் வரிசை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று தாண்டித் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் தந்திராயன்குப்பம் வரை இந்தக் கதை நகர்ந்தது. என் சித்தி வாக்கப்பட்ட ஊர் அது. அவள் வீட்டுப் பின்பக்கத்துச் சமையற்கட்டு ஒரு ஐப்பசி ராத்திரியில் போனது. அம்மியைக்கூட எடுக்க முடியவில்லை என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சரி, மணல் திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் வடிவமைத்து, 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு பெரிய இரும்புக் கட்டுமானத்தை இறக்கினார்கள். மேலே இருந்து பார்த்தால் ஆப்பு வடிவம். தண்ணீருக்கு அடியில் மூழ்கி இருக்கும். கரைக்கு வருகிற அலை முதலில் அதன் மேல் உடைந்து பாதி கோபத்தை அங்கேயே இறக்கிவிடும். அதற்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் அமைதியாகும், அமைதியான தண்ணீரால் மணலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, கீழே போட்டுவிடும். அவ்வளவுதான் தத்துவம். பேப்பரில் 'செயற்கைத் திட்டு' என்று எழுதினார்கள். எங்கள் தெருவில் வேறு மாதிரி சொன்னார்கள்: இத்தனை வருடம் கடல்தான் நமக்கு ஆப்பு வைத்தது, இப்போதுதான் கடலுக்கு ஒரு ஆப்பு வைத்திருக்கிறார்கள்.

நான் நம்பவில்லை. வேலை முடிந்ததும் மணல் வரத் தொடங்கியபோது, காலை நடையில் கூட வருகிறவர்களிடம் "மழைக்காலம் வரட்டும், தெரியும்" என்று சவடால் விட்டேன். மழைக்காலம் வந்தது. மணல் கொஞ்சம் இளைத்தது, போகவில்லை. செயலகத்திலிருந்து காந்தி சிலைப் பக்கம் வரை, கல்லுக்கு அந்தப் பக்கம் மறுபடி மணல். பட்டம் விடுகிற பிள்ளைகள், கபடி ஆடுகிற பையன்கள். ஒரு நாள் விடியற்காலையில் ஒரு நண்டு வளைக்குள்ளிருந்து மணலை உருண்டை உருண்டையாக உருட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. கல்லின் மேல் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் அதையே பார்த்தேன். நண்டுக்கு யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தோன்றியது.

மணலுக்கு ஏன் ஐந்து கொடுக்கவில்லை என்றால், அது ஒரு நிலையான அகலத்தில் இருப்பதில்லை. தை மாதம் பார்த்ததும் ஆடியில் பார்ப்பதும் வேறு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்ததே, ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு கடைக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துவிட்டு நாலாம் நாள்தான் பீச் பக்கம் போனேன். மணல் குறைந்திருந்தது போலத்தான் கண்ணுக்குப் பட்டது. பயந்தேன். சில மாதத்தில் தேறிவிட்டது. கடலில் இறங்கிக் குளிக்கலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். மணல் இருக்கிறது என்பதால் ஆழம் இல்லை என்று ஆகாது, இழுப்பு அப்படியேதான் இருக்கிறது. கணுக்கால் வரை போதும்.

இப்போது வழி. ஒன்றரை நட்சத்திரம் எதற்கு என்றால், சாலைக்கு. மாலை 6 மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி கிடையாது. ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டி, ஹாரன் சத்தம் இல்லாமல் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். இந்த ஊரில் வேறு எந்தத் தெருவிலும் அது முடியாது. சனி, ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம், கூட்டத்தில் அம்மாவின் முட்டியில் யாராவது ஒருவர் இடித்துவிட்டுப் போவார்.

ஆனால் சாலைக்கும் மணலுக்கும் நடுவில் கல். கால் இருப்பவர்கள் தாவித் தாவி இறங்கிவிடுவார்கள். சக்கரம் என்ன செய்யும்? அப்படியே இறக்கினாலும் நாற்காலியின் முன்சக்கரம் இரண்டும் உள்ளங்கை அகலம்தான், உலர்ந்த மணலில் இரண்டடி போவதற்குள் புதைந்து, உட்கார்ந்திருப்பவரை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும்.

முடியாத விஷயமா? இல்லை. சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி என்ற, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேசச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கான விதிகளில் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும் வசதியும் உண்டு. அங்கே போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது வீராம்பட்டினத்தார் கடல். அங்க நான் எதுக்குப் போவணும்?" பேச்சு முடிந்தது. மார்க்கெட்டில் மீனுக்கு விலை சொல்கிற அதே குரல்.

மெரினாவுக்கு மட்டும் வந்தாள், அதுவும் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன சாக்கில். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதன் கடலோரப் பகுதியை உடைத்துப் போட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். நாங்கள் போனது சரிசெய்த பிறகு. பலகைகளின் மேல் சக்கரம் 'டக டக' என்று ஓடியது, காற்றில் வந்த மணல் அங்கங்கே மூடிக் கிடந்தது, பாதை முடிகிற இடத்திலிருந்து தண்ணீர் இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஆனாலும் அலைச் சாரல் முகத்தில் அடித்தது. அம்மா ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம், "ஒடஞ்சா என்ன, திரும்பப் போட்டாங்க இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பாதையைப் பார்த்துச் சிரிப்பதை நான் விட்டுவிட்டேன்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள், எங்கள் பாளையத்துப் பையன்கள் நாலு பேர் அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் இறக்கினார்கள். விடியற்காலை ஐந்தரை மணி. சக்கர நாற்காலியை மேலேயே விட்டுவிட்டு, கடையில் இருக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு காலுக்கு நாலு பேர். "ஆயா, கெட்டியா புடிச்சிக்க" என்றான் ஒருவன். "நீ மொதல்ல கல்லப் பாத்து கால வைடா" என்றாள் அம்மா. நான் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு வந்தேன். நடுவில் ஒருவனுக்குச் செருப்பு வழுக்கியது. அந்த ஒரு நொடியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இறக்கியதும் அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடி மணலை எடுத்தாள். கட்டைவிரலால் உள்ளங்கையில் தேய்த்தாள், மார்க்கெட்டில் மீனின் செவுளைப் புரட்டிப் பார்ப்பாளே, அந்த மாதிரி. "கொரகொரன்னு இருக்குது. இது நம்ம பழைய மணல் இல்லடி." பிறகு நாற்காலியைத் தண்ணீர் ஓரமாக நகர்த்தச் சொன்னாள். அலை வந்து இரண்டு காலையும் நனைத்துவிட்டுப் போனது. இடது காலில் உணர்ச்சி இருந்ததா என்று கேட்டேன். "சும்மா இரு" என்றாள்.

அங்கிருந்தே என் போனில் சித்திக்குப் பேசினாள். "தே, ஒன் ஊருக்கு வர வேண்டிய மணலு இங்க எங்கிட்ட நிக்குது. வந்து ஒரு மூட்ட கட்டி எடுத்துட்டுப் போ." அந்தப் பக்கம் சித்தி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும், அம்மா அவ்வளவு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, "அவ சொல்றதும் ஞாயந்தான்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்டோ குறுக்குத் தெருவோடு நின்றுவிடும், தடுப்புக்கு அப்பால் தள்ளித்தான் போக வேண்டும். சக்கர நாற்காலி என்றால் வார நாளில், வெயில் ஏறும் முன், தலைமைச் செயலகப் பக்கம் போங்கள். மணலில் இறங்க நம்பகமான நாலு பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் தேவை. கைப்பிடி வைத்த நாற்காலியாகப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்தப் புத்தி திரும்பி ஏறும்போதுதான் வந்தது.