பதினாறு கட்ட கல்லாக்ஸ்: சுவரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

புத்தகத்துக்கும் பொம்மைக்கும் சேர்த்து ஒரே அலமாரி வேண்டும் என்று பெங்களூரு நாகசந்திராவில் உள்ள ஐகியா ஃபர்னிச்சர் கடையில் கல்லாக்ஸ் என்ற கட்ட அலமாரி வாங்கினோம். 147 செ.மீ. உயரம், அதே அகலம், ஆழம் 39. பார்க்க அழகு, பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவதும் சுலபம்தான். ஆனால் இரண்டு பேர் வேண்டும். அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டுங்கள்.

விஷயம் சுவரில்தான் இருக்கிறது. வீட்டில் ஏறி விளையாடும் வயதில் பிள்ளை இருந்தால், சுவரோடு பிணைக்காமல் இதை நிறுத்தவே கூடாது. சுவருக்கான ஸ்க்ரூ பெட்டியில் வராது. உங்கள் சுவர் என்ன சுவர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுடையது ஹாலோ பிளாக், அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள கல். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் சாதாரண பிளக் போட்டால் உள்ளே சும்மா சுற்றும், அதற்கென்றே உள்ள ஆங்கர்தான் பிடிக்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும்.

இன்னொன்று, நம் வீடுகளில் சுவரோரம் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் துருத்திக்கொண்டிருக்கும். அடிப்பாகம் அதில் முட்டுவதால் மேலே ஒரு விரல் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் அதே கனத்தில் பிளைவுட் துண்டு வைத்து முடுக்கினோம். இப்போது அசையவில்லை.

ஒரு கட்டத்துக்கு 13 கிலோதான் கணக்கு. கெட்டி அட்டைப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் அது சீக்கிரமே தாண்டிவிடும். கனமானதெல்லாம் கீழ் வரிசைக்கு. மேலே பொம்மை வைத்தால் பிள்ளை ஏறத்தான் செய்யும், அதனால் அங்கே என் பழைய ஃபைல்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன்.