காப்பர் கேபிள்னு குடுத்தாரு, காந்தம் ஒட்டுது: டிஷ் கேபிள் வாங்கின கதையும் கடலுக்கடி கேபிளும்

கடை பேரும் கேபிள் கம்பெனி பேரும் போட மாட்டேன், தினமும் அந்த ரோட்டு வழியாத்தான் நான் வேலைக்குப் போவணும். களியக்காவிளை பக்கம்னு மட்டும் வச்சுக்கிடுங்க.

எங்க வீடு ரப்பர் விளைக்கு நடுவுல. வீட்டுக்கு மேல பலாவும் அயினியும் மூடி நிக்கி, கொம்பு வெட்டலாம்னு சொன்னா அம்மை சம்மதிக்கமாட்டா. அதனால டிஷ்ஷை விளைக்கு மேட்டுல வானம் தெரியற இடத்துல நட்டோம், அங்க இருந்து டிவி வரைக்கும் ஏகதேசம் 65 மீட்டர். கடையில ஆர்ஜி-6ன்னு சொல்ற டிஷ் கேபிள் சுருள் 100 மீட்டர் 1,150 ரூபா. "முழு காப்பர் சாரே, கண்ணை மூடிட்டு கொண்டு போங்க"ன்னாரு. நானும் கண்ணை மூடிட்டுத்தான் கொண்டு வந்தேன்.

ரெண்டு வாரம் படம் நல்லாத்தான் வந்துச்சு. எடவப்பாதி மழை தொடங்கின மறுநாள் பாதி சானலைக் காணோம். மீதிப் பாதி பளிச்சுன்னு வருது, ஆனா அம்மைக்க சீரியல் வர்றது காணாமப்போன பாதியில. சிக்னல் குறைஞ்சா எல்லாம்தானே கட்டம் கட்டமா உடையணும், இது என்ன பாதி மட்டும்னு மண்டை குழம்பிப் போச்சு.

காரணம் என்னன்னா, டிஷ்க்கு முன்னாடி நீட்டிட்டு நின்னு சிக்னலைப் பிடிக்கிற எல்என்பிங்கிற பெட்டிக்கு கரண்ட் போறதும் இதே கேபிள் வழியாத்தான். செட்டாப் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினா எல்என்பி ஒரு வகை சிக்னலை எடுக்கும், 18 அனுப்பினா இன்னொரு வகையை எடுக்கும். மல்ட்டிமீட்டரைத் தூக்கிட்டு மேட்டுல ஏறி கனெக்டரைத் திறந்து லோடோட அளந்தேன், 18 இருக்கவேண்டிய இடத்துல 14.6. எல்என்பி பாவம் அதை 13னு நினைச்சுக்கிட்டு ஒரே பக்கமா நிக்கி.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நடுக்கம்பி பக்கத்துல கொண்டு போனேன், டக்குனு ஒட்டிச்சு. பிளேடு வச்சு சுரண்டினா செம்பு நிறம் ஒரு தோல் மாதிரி உரிஞ்சு உள்ள வெள்ளையா இரும்பு. ஆர்ஜி-6ல நடுக்கம்பி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கணும், இது 0.8தான். சுத்தி இருக்கிற அலுமினியப் பின்னல் எவ்வளவு அடர்த்தின்னு கேட்டா, கொசு கும்பலா உள்ள போயிட்டு வரலாம்.

பெரியப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனவரு. "ஏமாத்திட்டான் பெரியப்பா, உள்ள இரும்பு"ன்னு கம்பியை நீட்டினா, கண்ணாடியை மேல தூக்கிட்டுப் பாத்துட்டு, "இரும்பு வச்சா கள்ளம்னு யாருடே சொன்னது? அட்லாண்டிக் கடலுக்கு அடியிலயே இரும்பு வச்சுத்தான் போட்டிருக்கு"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் இதான் பேச்சு.

முதல் அட்லாண்டிக் டெலிபோன் கேபிள், டாட்-1, 1956 செப்டம்பர் 25ல திறந்தது, ஸ்காட்லாந்துல ஓபன்ங்கிற ஊர்ல இருந்து கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்துல கிளாரன்வில் வரைக்கும். அதுவும் நம்ம டிஷ் கேபிள் ஜாதிதான், நடுவுல செம்பு, சுத்தி பாலிதீன், அதுக்கு மேல திரும்பிவர்ற செம்புப் பட்டை. பாலிதீன் விட்டமே ஏகதேசம் 16 மில்லிமீட்டர். போக ஒரு கேபிள், வர ஒரு கேபிள், ரெண்டுலயும் சேர்த்து ஒரே நேரம் 36 கால் பேசலாம், அவ்வளவுதான். அதுக்கு முன்னால கடல்தாண்டிப் பேசணும்னா ரேடியோ மட்டும்தான், வானிலை சரியில்லன்னா இரைச்சல்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கரண்ட் விசயம். ஏகதேசம் 70 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர், அதாவது தேஞ்ச சிக்னலைத் திரும்பத் தூக்கிவிடற பெட்டி, ஒரு கேபிளுக்கு 51, ஒவ்வொண்ணுக்குள்ளயும் பழைய ரேடியோவுல எரியற மாதிரி மூணு வால்வு. இதையெல்லாம் எரிய வைக்க நடுக்கடல்ல யாரு பிளக் குத்துவா? கரையில இருந்தே, பேச்சு போற அதே நடுக்கம்பி வழியா, ஒரு கரையில பிளஸ் ஹை வோல்ட், எதிர்க்கரையில மைனஸ் ஹை வோல்ட். நம்ம எல்என்பிக்கு செய்யற அதே வித்தைதான், ஆனா அவங்க பிடிச்சு வச்சது வோல்ட்டை இல்ல, கரண்ட்டை. சீரியல் செட் பல்பு மாதிரி 51ம் வரிசையா நிக்கி, எல்லாத்துலயும் ஓடறது ஒரே ஆம்பியர், அதனால வழியில வோல்ட் எவ்வளவு விழுந்தாலும் கடைசி வால்வுக்கும் முதல் வால்வுக்கும் ஒரே சூடு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. எல்என்பி வோல்ட்டைப் பாத்துத்தான் முடிவெடுக்கும், வழியில மூணு வோல்ட் விழுந்தா சீரியல் போச்சு.

அப்போ இரும்பு? ஹை ஃப்ரீக்வென்சி சிக்னல் கம்பிக்கு உள்ள போகாது, மேல்தோல்லயே ஓடிடும். டிஷ் கேபிள்ல ஓடற ஃப்ரீக்வென்சிக்கு ரெண்டு மைக்ரான் ஆழம் இருந்தாலே பெரிசு. அதனால படத்துக்கு செம்புத் தோல் போதும், அதுல கம்பெனிக்காரன் சொல்றது நியாயம்தான். டிசி கரண்ட் அப்படி இல்ல, கம்பி முழுக்க ஓடும், இரும்பு வந்தா மூச்சு முட்டும். அதான் சிக்னல் மீட்டர் நல்லா காட்டியும் பாதி சானல் போனது.

கடல்ல இரும்பு நடுவுக்கு வந்த கதை வேற. டாட்-1ல ஆழ்கடல் வரைக்கும் கேபிளுக்கு வெளியதான் இரும்புக்கம்பிச் சட்டை சுத்தியிருந்துச்சு. நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு கேபிளை இறக்கும்போது அதுக்க எடையே அதை இழுக்கும், சுத்தின கம்பி இழுபட்டா முறுக்கு அவிழப் பாக்கும், தரையில தொட்டு இழுப்பு விட்டதும் முறுக்கிக்கிட்டு வளையம் விழும். கிணத்துல வாளி இறக்கின புதுக்கயிறு தன்னால சுத்துறதைப் பாத்தவங்களுக்கு இது புரியும். பிரிட்டிஷ்காரங்க என்ன பண்ணினாங்கன்னா, முறுக்கு ஒண்ணுக்கொண்ணு எதிரா சரிபண்ணின இரும்பு வடத்தை நடுவுல வச்சு, அதைச் சுத்தி கரண்ட் போகப் போதுமான கனத்துல செம்புக் குழாய், அதுக்கு மேல பாலிதீன்னு ஆக்கிட்டாங்க. வெளிச்சட்டையே வேண்டாம், எடையும் குறைஞ்சது. 1961ல ஸ்காட்லாந்து கனடா கேபிள் அப்படித்தான், போக்கும் வரவும் ஒரே கேபிள்ல. கரைப்பக்கம் மட்டும் நங்கூரத்துக்கும் மீன்வலைக்கும் பயந்து இரும்புச் சட்டை போட்டே தீரணும்.

இன்னொண்ணு, சின்னதுதான். என் 65 மீட்டர்ல இருபது டெசிபல் பக்கம் சிக்னல் போயிடுது, அவங்களுக்கு 70 கிலோமீட்டருக்கு 60 சொச்சம்தான். கேபிள் பெருமை பாதிதான் அதுல, மீதி ஃப்ரீக்வென்சி, அவங்க 164 கிலோஹெர்ட்ஸோட நிறுத்திக்கிட்டாங்க, நம்ம டிஷ் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போவுது. ஆனாலும் 60 டெசிபல்னா பத்து லட்சத்துல ஒரு பங்குதான் மிச்சம், அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தணும், 51 தடவை.

பெரியப்பா இதைச் சொல்லும்போது ஒரு வருத்தமும் வந்துச்சு. 1981ல மெட்ராஸ்ல இருந்து பினாங்குக்கு இதே கோஆக்சியல் ஜாதி, அதாவது நடுவுல கம்பி சுத்தி பட்டைன்னு இருக்கிற கேபிள் வந்துச்சு, 1988ல டாட்-8 கண்ணாடி இழையில வந்ததோட இந்தக் குடும்பமே முடிஞ்சது. "கல்ஃப் கால் புக் பண்ணிட்டு எக்ஸ்சேஞ்ச் வாசல்ல நிப்பாளுவ, மூணு நிமிசத்துல ரெண்டு நிமிசம் ஹலோ ஹலோ"ன்னாரு.

கடைக்குத் திரும்பிப் போனேன். காந்தத்தை கவுண்டர்ல வச்சே ஒட்டிக் காட்டினேன். "எல்லாரும் இதைத்தான் சாரே கொண்டு போறாங்க"ன்னாரு. இரும்புன்னு சொல்லி வித்திருந்தா எனக்கு ஒரு பராதியும் இல்ல, இருபது மீட்டருக்குள்ள தூரம்னா நானே அதைத்தான் வாங்குவேன். முழு காப்பர்னு சொன்னதுதான் கள்ளம். பணம் தரல, நாலு எஃப் கனெக்டர் ஓசியா தந்தாரு, அதுல ஒண்ணு ஏற்கெனவே துரு.

பிறகு மார்த்தாண்டத்துல வேற கடையில 1.02 மில்லிமீட்டர் நிஜ செம்பு, மீட்டர் 27 ரூபா, 70 மீட்டர். கடைக்காரர்கிட்ட காந்தம் கேட்டேன், அவரே மேசை டிராயர்ல இருந்து எடுத்துத் தந்தாரு, அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துட்டு. இப்போ மேட்டுல அளந்தா 17.4. கனெக்டருக்கு மேல ரப்பர் டேப் சுத்தி, கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல கீழ ஒரு வளைவு விட்டிருக்கேன், வெள்ளம் அங்கனயே சொட்டிப் போவட்டும்.

பழைய கேபிளுக்கு 5க்கு 2, கடைக்கு 1. சுருள்ல மிஞ்சினதை அம்மை கொல்லையில துணி காயப்போட கட்டியிருக்கா. ஈரப் போர்வை நாலு போட்டாலும் தொய்யல.