1,680 யூரோ போச்சு: டிராவ் சைக்கிள் பாதைக்குக் குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோடை விடுமுறை இன்னும் முடியவில்லை. இதே பயணத்துக்கு யாராவது இந்த நிமிடம் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். எங்களுக்குப் போனது 1,680 யூரோ. நடந்ததை முதலில் சொல்கிறேன். பதிவு செய்யும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: டிராவ் ஆறு இத்தாலியின் தெற்கு டைரோலில், டோப்லாக் பக்கத்தில் பிறக்கிறது. அதை ஒட்டியே சைக்கிள் பாதை ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியாகக் குரோஷியா வரை போகிறது. குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வருவது தொடக்கத்தில் உள்ள துண்டுக்குத்தான். இன்னிஷென் ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் லியன்ஸ் வரை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், சுமார் 500 மீட்டர் இறக்கம். பெரும்பாலும் பெடல் மிதிக்கவே வேண்டாம். மாலையில் லியன்ஸில் வாடகை சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்பிவிடலாம். குழந்தைகளோடு போக ஆல்ப்ஸில் இதைவிடச் சுலபமான பாதை எனக்குத் தெரியாது. பாதைமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை விற்றவர்கள்மேல்தான்.

நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. லியன்ஸோடு நிற்காமல், ஸ்பிட்டால் தாண்டி ஃபில்லாக் வரை போய், நடுவில் மில்ஷ்டாட் ஏரியில் ஒரு நாள் நீந்தலாம் என்று ஆசை. அந்தத் தூரத்துக்குப் பெட்டிகளை ஊருக்கு ஊர் யாராவது வேனில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஹோட்டல், சைக்கிள், குழந்தையை உட்காரவைத்துச் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர், பெட்டி வேன் எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. சைக்கிள் விடுமுறைகள் மட்டும் விற்கும் தளம், அவ்வளவுதான்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். போனில் பேசிய பெண் குழந்தைகளின் உயரம் கேட்டார். மகனைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து, 104 சென்டிமீட்டர் என்றேன். "அப்படியானால் டிரெய்லர்தான் வசதி. பின்னால் கொடி கட்டித் தருவோம், அவனுக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்றார். ஆரஞ்சு என்று பையன் கத்தியது அவருக்கும் கேட்டது, சிரித்தார். ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாலும் கட்டாயம், அதையும் சேர்த்தே தருகிறோம் என்றார். விசாரித்துப் பார்த்தேன், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இவ்வளவு விவரமாகப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம்தான், போகிறபோக்கில், கார்டுக்குப் பதிலாக வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றார். 1,680 யூரோ அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. அழகான வவுச்சர்களும் வந்தன, மகளின் பெயர்கூட எழுத்துப் பிழையில்லாமல்.

இன்னிஷென் சைக்கிள் கடையில் வவுச்சரை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கணினியில் தேடினார், உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். விஷயம் இதுதான்: எங்கள் பெயரில் முன்பதிவுக் கோரிக்கை வந்திருக்கிறது, பணம் வரவே இல்லை, அதனால் ரத்து செய்துவிட்டார்கள். லியன்ஸ் ஹோட்டலுக்குப் போன் போட்டால் அங்கேயும் அதே கதை. பெட்டி வேன் என்ற ஒன்றைப் பற்றி யாருக்குமே தெரியவில்லை. டிரெய்லர்கள் எல்லாம் காலையிலேயே போய்விட்டிருந்தன. கடைக்கு வெளியே வேறு பிள்ளைகளின் டிரெய்லர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, ஒவ்வொரு கொடியையும் பார்த்து என் மகன் "இது நம்மதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கிருந்தோ ஒரு பின்சீட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொடுத்தார், ஹெல்மெட்டுக்குக் காசு வாங்கவில்லை. சைக்கிள்களுக்கு மறுபடியும் கைக்காசு போட்டு லியன்ஸ் வரைக்குமாவது போனோம். எல்லை கடந்து சில்லியான் தாண்டியதும் ஹைன்ஃபெல்ஸில் லோக்கர் வேஃபர் தொழிற்சாலை வரும். பிள்ளைகள் அங்கேயே எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். நான் வேஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தளத்துக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். ஏரி கிடையாது, ஃபில்லாக் கிடையாது. மாலை ரயிலில் இன்னிஷெனுக்கே திரும்பி, காரை எடுத்துக்கொண்டு வீடு.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உள்ளூர்ப் பங்குதாரரிடம் கேளுங்கள்" என்றார்கள். பணமே வராத பங்குதாரர் என்ன சொல்வார்? பிறகு ஒரு புகார் எண் கொடுத்து, 72 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்து கேட்டால் வேறு ஒரு புகார் எண், மறுபடியும் அதே 72 மணி நேரம். ஆரஞ்சுக் கொடி அம்மாவைக் கேட்டால் "அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார்." கடைசியாக ஒரு மின்னஞ்சல்: தாங்கள் வெறும் இடைத்தரகர்களாம், பயணத்துக்குப் பொறுப்பில்லையாம், ஆனாலும் நல்லெண்ணத்தின் பேரில் அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு 150 யூரோ கூப்பன் தருகிறார்களாம். 1,680 யூரோவை முழுங்கிவிட்டு 150 யூரோவுக்குக் கூப்பன்! அதையும் அவர்களிடமே செலவு செய்ய வேண்டும்!

இடைத்தரகர் என்பதெல்லாம் பம்மாத்து. தங்குமிடத்தையும் வாகன வசதியையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது தொகுப்புச் சுற்றுலா, விற்றவர்தான் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை சொல்வது அதைத்தான். அதை எழுதி அனுப்பினேன். பதிலுக்கு வந்தது மூன்றாவது புகார் எண்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. அவசரமாகச் சில: வங்கிப் பரிமாற்றத்துக்குத் தள்ளுபடி என்றால் வேண்டாம், கார்டிலேயே கட்டுங்கள், கார்டு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். ஜெர்மனியில் தொகுப்புச் சுற்றுலா விற்பவர் முன்பணம் வாங்குமுன் ஸிஹருங்ஸ்ஷைன் என்ற பாதுகாப்புச் சான்று தர வேண்டும், அதைக் கேளுங்கள், மழுப்பினால் போனை வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் சைக்கிள் கடைக்கும் முதல் ஹோட்டலுக்கும் நீங்களே போன் செய்து "பணம் வந்துவிட்டதா" என்று கேளுங்கள். "முன்பதிவு இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. லியன்ஸ் வரைதான் போகிறீர்கள் என்றால் எந்தத் தளமும் தேவையில்லை, டிரெய்லரைக் கடையிலேயே நேரடியாக முன்பதிவு செய்யலாம். மாட்டிக்கொண்டவர்கள் ஜெர்மனியின் கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதலாம், விற்றவர் வேறு ஐரோப்பிய நாட்டில் இருந்தால் இலவசமாகப் பார்ப்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன், 1,680 யூரோவைத் திரும்பக் கேட்டு, கூப்பன் மின்னஞ்சலையும் சேர்த்து.