8,500 ரூபாய்த் தார்ப்பாய்: பிக்கப் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி நனைந்த மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு பொலேரோ பிக்கப். பெரம்பலூர் பக்கமிருந்து திருச்சி மண்டிக்குச் சின்ன வெங்காயம் ஏற்றுவதுதான் பிழைப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டிக்கு நல்ல தார்ப்பாய் போட்டுவிடலாம் என்று பைபாஸ் ஓரத்தில் சீட் கவரும் தார்ப்பாயும் தைக்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு முழத் துண்டை என் கையில் கொடுத்து, "இழுங்கண்ணே, நல்லா இழுங்க" என்றார். இழுத்தேன், அசையவில்லை. டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, அடியில் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். சொட்டு ஈரம் இல்லை. "பிவிசி கோட்டிங், 650 ஜிஎஸ்எம். அஞ்சு வளைவுக் கம்பி, பித்தளை ரிங், எல்லாம் சேர்த்து 8,500." பில் கேட்டதற்கு, "போட்டா வரி சேரும், நமக்குள்ள எதுக்குண்ணே?" என்றார். அந்த 'நமக்குள்ள'வில்தான் விழுந்தேன். 8,500 ரூபாயையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

மாட்டும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை, அது என் தப்பு. வந்து பார்த்தால் வளைவுக் கம்பி மூன்றுதான். "ஒம்போதடிக்கு மூணு போதும்ணே" என்றான் பையன். சரி என்று விட்டுவிட்டேன்.

நேற்று பாடாலூர் தாண்டியதும் மழை பிடித்தது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பாய் தொய்ந்து தொட்டிபோலத் தண்ணீர் நின்றது. முன்பக்கம் காற்று புகுந்து உப்பியதில் நாலு ரிங் பிய்த்துக்கொண்டு போனது. பித்தளையாவது ஒன்றாவது, அத்தனையும் அலுமினியம். ஜாயிண்டைச் சூட்டில் ஒட்டாமல் வெறும் தையல் போட்டிருக்கிறார்கள், ஊசி போன ஓட்டை எல்லாம் ஒழுகியது. சமயபுரம் டோல்கேட்டில் இறங்கிப் பார்த்தபோது ஆறு மூட்டை தெப்பம். மண்டியில் 4,200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நனைந்த வெங்காயம் இரண்டே நாளில் அழுகும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அங்கேயே தராசில் பாயைப் போட்டுப் பார்த்தேன். 650 ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு 650 கிராம். என் பாயின் அளவு 12க்கு 18 அடி, அதாவது சுமார் 20 சதுர மீட்டர், ஆக 13 கிலோ இருக்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தே ஏழரை கிலோதான் வந்தது! கையில் கொடுத்த துண்டு வேறு, தைத்த துணி வேறு.

போன் போட்டேன். "மழைன்னா கொஞ்சம் நனையத்தானே செய்யும்" என்றார். அப்புறம் "தைக்கிற பையன் ஊருக்குப் போயிருக்கான்." அப்புறம் "நீங்க கட்டினதுல தப்பு." காலையில் நேரிலேயே போய் நின்றேன். முந்தாநாள் வரை அண்ணே என்ற மனுஷன், "பில்லு இருக்கா சார்?" என்கிறார். 1915 நுகர்வோர் எண்ணுக்குப் பேசச் சொல்கிறார் மைத்துனர். ரொக்கமாகக் கொடுத்த 8,500க்கு எதைக் காட்டிப் பேசுவது?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. தைத்து முடித்த பாயை எடை போடாமல் காசு கொடுக்காதீர்கள். காட்டிய துண்டில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லையா, எழுந்து வந்துவிடுங்கள். பாடியில் டிரில் போட விடவே விடாதீர்கள். ஹூக்குக்காக என் வண்டியில் பன்னிரண்டு ஓட்டை போட்டிருக்கிறார்கள், ரப்பர் வாஷரும் இல்லை, பெயிண்டும் இல்லை. இப்போதே துரு கட்டுகிறது. அடைத்துக் கொடுக்க வெல்டர் 900 கேட்கிறார். 8,500, 4,200, அதோடு இந்த 900.