பழைய எம்ஜிபி: அசல் பாகமா, புது நகலா?

1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, 5 லட்சத்துக்கும் மேல் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். பாகங்களுக்குப் பஞ்சமில்லை, எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில் நான் அசல் பக்கம். இந்தக் காரின் எஸ்யூ பிராண்ட் கார்புரேட்டரில் பெரும்பாலும் தேய்வது, காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தண்டும் அது சுழலும் துளையும்தான். அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் ஐடிலில் எஞ்சின் தடுமாறும். எவ்வளவு ட்யூன் செய்தாலும் சரிவராது. துளையில் புது புஷ் (உள்வளையம்) போட்டு, தண்டை மாற்றினால் பழையபடி சீராக ஓடும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் அப்படித்தான். லூகாஸ் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டரின் பாடியில் தயாரான வாரமும் ஆண்டும் பொறித்திருக்கும். 13 65 என்றால் 1965-ன் 13-வது வாரம். அந்த எண் காரின் வயதோடு பொருந்தும்போது வரும் நிறைவை எந்த நகலும் தராது.

ரப்பர் என்றால் நேர் எதிர். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று ஆசைப்பட்டு பிரேக் ஹோஸ் வாங்காதீர்கள். அலமாரியில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். பெட்ரோல் ஹோஸும், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்கும் புதியதாகவே இருக்கட்டும்.

அப்புறம் பாடி. பழைய அசல் அச்சுகளையே பயன்படுத்தி, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988-ல் எம்ஜிபி-க்குப் புது பாடி ஷெல்லை (காரின் முழு உலோகக் கூட்டை) கொண்டுவந்தது. அதை நகல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மற்ற நகல் பேனல்களை மட்டும், கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே வெல்ட் செய்யுங்கள்.