மூன்று மஞ்சள் வயரும் ஒரு வெள்ளைச் சொக்கற்றும்: ஒன்பது வருடப் பாவனைக்குப் பிறகு

"அந்த 150 சிசி மொடல் ஒன்று விலைக்கு வருகுது, எடுக்கலாமா?" என்று, ஒன்பது வருடமாக அதே பைக்கை ஓட்டும் என்னிடம் கல்முனையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். விற்பவர் முதலில் சொன்ன சிறப்பு, "போன மாதம்தான் புதுப் பற்றரி போட்டது" என்பதாம். அந்த வசனம் மட்டும் வராமல் இருந்தால் பதில் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

என்ஜினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒயில் நேரத்துக்கு மாற்றினால் சத்தம் போடாது, கிளச் தட்டு இலகுவில் தேயாது, இரண்டு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறினாலும் முனகாது. பெற்றோல் தாங்கியில் துரு இல்லை, முன் போர்க்கில் ஒயில் கசிவு இல்லை. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த கொம்பனி, மின்சாரம் உண்டாக்கும் மக்னெற் கொயிலையும் அதைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றரையும் இணைக்கும் இடத்தில் மட்டும் மலிவான ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் சொக்கற்றைப் போட்டு, அதையும் முன் சக்கரம் தண்ணீர் அடிக்கிற பக்கமாக வாய் திறந்து விட்டிருக்கிறது. இந்த பைக்கின் சார்ஜ் பிரச்சினைகளில் பெரும் பங்கு அந்தச் சொக்கற்றில்தான். ஆனால் மாற்றப்படுவது எப்போதும் பற்றரி.

கொயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயரிலும் ஏசி மின்சாரம். றெகுலேற்றர் அதை டிசி ஆக்கி 14 வோல்ற் சொச்சத்தில் கட்டிப் பிடிக்கிறது. மிஞ்சுவதை என்ன செய்கிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. இந்த வகைப் பைக்குகளில் பெரும்பாலும் வருவது ஷன்ற் றெகுலேற்றர். தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை அது நிறுத்தாது, கொயிலுக்கே குறுக்காகத் திருப்பி விடும். அதனால் ஹெட்லைற்றை அணைத்தாலும், பல்பை எல்ஈடியாக மாற்றினாலும் மஞ்சள் வயரில் ஓடும் அம்பியர் குறைவதில்லை. "லோட் குறைச்சாச்சு, இனிச் சொக்கற் எரியாது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஓடும்போது அந்த வயர்களில் 10 அம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொக்கற்றுக்குள் உப்பும் ஈரமும் பிடித்த ஒரு பின்னில் (உலோக முனையில்) 0.1 ஓம் தடை ஏற்பட்டால் போதும்: 10 ஐ 10 ஆல் பெருக்கி 0.1 ஆல் பெருக்க, 10 வாற் சூடு. ஒரு சிக்னல் பல்பின் அளவு. அதை நகத்தளவு பிளாஸ்ரிக்குக்குள் வைத்து மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை எரிய விட்டால் என்ன ஆகும்? வெள்ளை முதலில் மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும், கடைசியில் உருகிப் பின்னோடு ஒட்டிக்கொள்ளும். சூடு ஏற ஏற பின்னின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு.

எங்கள் மட்டக்களப்பின் அமைப்பும் இதற்குத் தோதானது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் எங்கே நிறுத்தினாலும் காற்றில் உப்பு உண்டு. கல்லடிக் கடற்கரையில் பின்னேரங்களில் நிற்கும் பைக்குகளின் சொக்கற்றைக் கழற்றினால் பச்சைப் பூப் பூத்திருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டிப் போனால் மிச்சமும் முடிந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரை, அம்பாறைப் பக்கம் உப்புக் குறைவு என்று ஆறுதல் சொல்லலாம், ஆனால் அங்கே வேறு பாடு. வயல் வரம்புச் சேறு றெகுலேற்றரின் அலுமினியச் செதிள்களை மூடிக் காய்ந்துவிடும். காற்றுப்பட்டுச் சூடு தணியத்தான் அந்தச் செதிள்கள். பெரும்போக அறுவடை முடிந்தவுடன் ஒரு பழைய பல்விளக்கும் தூரிகையால் அதைச் சுரண்டிவிடுவது, புது றெகுலேற்றர் வாங்குவதைவிட மலிவு. நெல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்துபவர்கள் எலி வயர் கடித்திருக்கிறதா என்றும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இப்போது கோபம் வரும் இடம். செல்ப் அடித்தால் "டிக் டிக்" என்கிறது, கோர்ன் இருமுகிறது, சிக்னல் சோம்பலாக மின்னுகிறது என்று கராச்சுக்குக் கொண்டுபோனால், மீற்றரை வைத்து அக்சிலறேற்றரை முறுக்கி "14.1 வருகுது, சார்ஜ் நல்லம், பற்றரிதான் போயிற்று" என்று சொல்லிவிடுவார்கள். 14.1 பொய்யில்லை. ஹெட்லைற்றைப் போடாமல் பார்த்த 14.1 அது. மூன்று மஞ்சளில் ஒன்று செத்திருந்தாலும் லோட் இல்லாதபோது மற்ற இரண்டும் சேர்ந்து அந்த இலக்கத்தைக் காட்டிவிடும். ஹைபீம் போட்டு, பின் பிரேக்கையும் மிதித்துப் பாருங்கள், அதே பைக் 12.7க்கு விழும். புதுப் பற்றரி போட்டால் இரண்டு மூன்று மாதம் அது இந்தக் குறையைத் தன் கையிருப்பிலிருந்து ஈடுகட்டும். மறுகா அதுவும் படுக்கும். இதற்குள் கராச்சில் யாருக்கும் அந்தப் பைக் நினைவில் இருக்காது.

இன்னொரு கெட்ட பழக்கம்: என்ஜின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றி, "நிக்காமல் ஓடுது, அப்ப சார்ஜ் வருகுது" என்று பார்ப்பது. பற்றரி இல்லாத நேரத்தில் வோல்ற் எகிறி சீடிஐயும் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டி) பல்புகளும் போவதற்கு ஒரு நொடி போதும். அப்படிச் சோதிக்கும் இடத்திலிருந்து பைக்கைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள்.

சாதாரண டிஜிற்றல் மல்டிமீற்றர் ஒன்று இருந்தால் வீட்டு முற்றத்திலேயே அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடலாம். இரவு முழுக்க நின்ற பைக்கில் காலையில் பற்றரி 12.6க்கு மேல் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் நிரப்பு, 12.0 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. செல்ப் அடிக்கும் அந்தக் கணத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியில் சந்தேகப்படலாம், ஆனால் முதலில் அதை நிரப்பிவிட்டுத்தான். பிறகு ஸ்ராட் செய்து 4000 முதல் 5000 ஆர்.பி.எம். வரை வைத்து, ஹைபீமும் பிரேக் லைற்றும் எரியும் நிலையில் 13.5க்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். லைற் இல்லாமல் 13.8 முதல் 14.5 வரை சரி. 15ஐத் தாண்டினால் கதை வேறு: றெகுலேற்றர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, அல்லது தனியாக வோல்ற் பார்க்கும் வயர் உள்ள மொடலில் அந்த வயர் விட்டுப்போயிருக்கிறது. பல்பு அடிக்கடி போவதும், பற்றரியின் வயிறு ஊதுவதும் இதன் அடையாளம்.

குறைவாக இருந்தால் உடனே எதையும் வாங்காதீர்கள். என்ஜின் ஓட, லைற் எரிய, மீற்றரின் சிவப்பு முனையை றெகுலேற்றரிலிருந்து வரும் சிவப்பு வயரிலும் கறுப்பு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ பியூஸ் பிடியிலோ சொக்கற்றிலோ வோல்ற் வழியில் களவு போகிறது. எர்த் பக்கமும் அப்படியே: பற்றரியின் மைனஸுக்கும் றெகுலேற்றரின் எர்த் வயருக்கும் நடுவில் 0.1க்கு மேல் வரக்கூடாது. வந்தால் எர்த் ஆணியைக் கழற்றி, பெயின்றும் துருவும் போகச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசிவிட்டால் முடிந்தது.

அதுவும் சரியென்றால்தான் மஞ்சளுக்கு வர வேண்டும். என்ஜினை நிறுத்திச் சொக்கற்றைக் கழற்றுங்கள். கொயில் பக்கத்து மூன்று வயரையும் இரண்டிரண்டாக அளந்தால் மூன்று முறையும் ஒரே இலக்கம், ஒரு ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். மலிவு மீற்றரின் சொந்த வயரிலேயே 0.2, 0.3 ஓம் இருக்கும். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று முட்டிப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்த மஞ்சளுக்கும் சேசிஸுக்கும் நடுவில் தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால் கொயில் எர்த் ஆகிவிட்டது. அடுத்து மீற்றரை ஏசியில் வைத்து, ஸ்ராட் செய்து, 5000 ஆர்.பி.எம்.மில் மறுபடி இரண்டிரண்டாக. எத்தனை வோல்ற் என்பதைவிட மூன்றும் சமமா என்பதே முக்கியம். 50, 50, 50 நல்லது. 50, 26, 27 என்றால் கொயிலில் ஒரு பகுதி போய்விட்டது. இந்த நேரத்தில் கையால் முனைகளைத் தொட வேண்டாம், நன்றாக அடிக்கும். ஆறிய என்ஜினில் சரியாகக் காட்டி, அரை மணித்தியாலம் ஓடிச் சூடானதும் கையை விரிக்கும் கொயில்களும் உண்டு. ஆகவே ஓடி வந்தவுடன் இன்னொரு முறை.

கொயிலும் நல்லது, வழியும் நல்லது என்றால் மிஞ்சுவது றெகுலேற்றர். 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய பைக்குகளே வருடக்கணக்கில் இழுபட்டன, சந்தையில் கொப்பிச் சாமானும் பெருகிற்று. கொப்பியை அடையாளம் காணக் கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும்: செதிள் மெல்லிசு, முதுகில் ஊற்றிய பசை அரைவாசி, பாரம் இல்லை. கொயில் மறுசுற்றுக் கொடுத்தால் பழைய கம்பியின் பருமனை மைக்ரோமீற்றரால் அளந்து அதே பருமன் போடச் சொல்லுங்கள். மின்விசிறிக்குப் பூசும் வார்னிஷ் என்ஜின் ஒயிலின் சூட்டில் இளகும்.

பத்தில் ஆறேழு பைக்கில் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பதே என் கணிப்பு. சொக்கற்றைக் கழற்றும்போதே கருகல் மணக்கும். கருகிய சொக்கற்றைச் சுரண்டிப் பூட்டுவது வீண், பின்னின் பிடி திரும்பாது. நறுக்கி எறியுங்கள். மூன்று வயரையும் செம்பு மினுங்குமட்டும் உரித்து (உள்ளே கறுத்திருந்தால் இன்னும் பின்னால் நறுக்க வேண்டும்), கொயில் பக்கத்து ஒன்றை றெகுலேற்றர் பக்கத்து ஒன்றோடு என்று சோடி சோடியாக இரண்டு சென்ரிமீற்றர் முறுக்கி, ஈயம் உருக்கி வைத்து, சூட்டில் சுருங்கும், பசையுள்ள ஹீற் ஷ்றிங் குழாய் போட்டுச் சூடு காட்டிவிடுங்கள். மூன்றும் மஞ்சள்தானே, எது எதற்கு என்று குழம்ப வேண்டாம். கொயிலின் எந்த மஞ்சளை றெகுலேற்றரின் எந்த மஞ்சளோடு சேர்த்தாலும் வேலை செய்யும். தகரம் ஒட்டப் பாவிக்கும் அமிலப் பிளக்ஸ் கூடாது, பின்னர் அதுவே வயரைத் தின்னும். நீளம் போதாமல் வயர் சேர்த்தால் 2.5 சதுர மில்லிமீற்றர் பல இழை வயர்தான். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தடித்த கம்பி வயர் அதிர்வில் முறியும். ஒட்டுக்கு இரு பக்கமும் சேசிஸோடு பட்டி போட்டுக் கட்டுங்கள். பின்னர் ஒருநாள் கொயில் கழற்ற நறுக்க வேண்டி வரும், ஒரு சாண் வயர் உபரியாக விட்டுக்கொள்ளுங்கள். சொக்கற்றுத்தான் வேண்டும் என்றால் இறப்பர் முத்திரை உள்ளது, உள்ளே சிலிக்கன் கிறீஸ். தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது. சொக்கற்றுக்குள் தூசியைத்தான் சேர்க்கும்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பழியும் கொம்பனியின் தலையில் இல்லை. யானைப் பயத்தில் இரவு ஓட்டத்துக்கு இரண்டு எல்ஈடி விளக்கை இழுத்துக் கட்டியவர்கள் படுவான்கரை முழுக்க இருக்கிறார்கள். தேவை உண்மையானது, ஆனால் இந்த அளவுப் பைக் 100 வாற் சொச்சம் தருவதே வேகமாய் ஓடும்போதுதான். காத்தான்குடி வீதிப் பேரீச்சை மரங்களுக்கு நடுவே பிரேக்கை மிதித்து மிதித்து ஊர்ந்து போகையில் அதில் சிறு பங்குதான் வரும். அந்த இடங்களில் கூடுதல் விளக்கை அணைத்துவிட வேண்டும், அதற்குத் தனிச் சுவிற்சும் ரிலேயும் வேண்டும். அலாமும் அப்படித்தான். நிற்கும்போது 20 மில்லி அம்பியர் உறிஞ்சும் அலாம், 9 அம்பியர்-மணிப் பற்றரியை 19 நாளில் வெறுமையாக்கும். 2022 இல் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் பங்கீடு என்று பைக்குகள் நின்ற காலத்தில் செத்த பற்றரிகளுக்குச் சொக்கற்றைக் குற்றம் சொல்ல முடியாது. வெறுமையானதைத் திரும்ப நிரப்பும்போதும் 0.9 அம்பியரில் பத்து மணித்தியாலம் வைக்க வேண்டும். கடைகளில் ஓட்டோ பற்றரிகளோடு வரிசையில் போட்டு ஒரே இரவில் கொதிக்க வைத்துத் தருவார்கள், அது பத்து மாதமும் தாங்காது.

ஆக, ஈயமும் மூன்று துண்டுக் குழாயும் ஒரு மணித்தியாலமும் போதும், பைக் தங்கம். ஆனாலும் கல்முனை நண்பருக்குக் கொடுத்த பதில் "வேண்டாம்" என்பதுதான். சில்லறைக் காசுக்கு நல்ல சொக்கற் போட மனமில்லாத ஒரு கொம்பனியின் மேல் ஒன்பது வருடமாக இருக்கும் எரிச்சலும் அந்தப் பதிலில் சேர்ந்திருக்கிறது, மறைக்கவில்லை. எடுத்தே தீருவேன் என்றால் மீற்றரோடு போய், ஹைபீமைப் போட்டு, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். "புதுப் பற்றரி" என்று சொன்னால் பழையது எப்போது போட்டது என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் விலையைக் குறைக்கலாம். பக்க மூடியைக் கழற்றி மஞ்சள் வயர்களையும் பாருங்கள். சொக்கற் இல்லாமல் நேரே ஒட்டி, ஒரு சாண் வயர் சுருட்டிக் கட்டியிருந்தால் கேட்ட விலைக்கே எடுங்கள்.